பொட்டிக்குள்ள கோழி, வாசல்ல கூட்டம்

வர்ற சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி விழாவுக்கு இருபத்தஞ்சு பேருக்குச் சிக்கன் ஃபஹீட்டா நாந்தான் செய்யறேன்னு ஒத்துக்கிட்டயாமா கண்ணு. நெம்பச் சந்தோசம். அந்த மண்டபத்துல அடுப்பே பத்த வெக்கக் கூடாது, மைக்ரோவேவ் பொட்டிதான் ரெண்டு இருக்குதுன்னு உங்கம்மா சொன்னா. "அதுக்கென்ன, பட்டன அமுத்துனா வெந்துட்டுப் போகுது"ன்னு நீ சொன்னயாம். ஆறிப்போன சோத்தச் சூடு பண்ணறதுக்கே மூணு தடவை கதவத் தொறந்து பாக்கற புள்ளை இருபத்தஞ்சு வட்டலுக்குப் பொறுப்பெடுத்திருக்குதுன்னா, குலதெய்வம் கூடவே வந்து நிக்குதுன்னுதான் அர்த்தம்.

எனக்கென்ன தெரியும், எருமை மேச்ச ஆளு. ஹூஸ்டனுக்கு வந்ததுல இருந்து பொழுது போகாம, உன்ற தங்கச்சி லைப்ரரில எடுத்தாந்து படிச்சுச் சொல்றதக் கேட்டுக்கிட்டு மூலையில உக்காந்திருக்கறேன். அதனால இதையெல்லாம் புத்திமதின்னு எடுத்துக்காதே. கெழவன் பொலம்பறான்னு ஒரு காதுல வாங்கி அந்தக் காதுலயே வெச்சுக்க, போதும்.

மொதல்ல, நீ பொட்டிக்குள்ள அடைக்கப் போற பதார்த்தம் யாரு ஊட்டுச் சொத்துன்னு தெரிஞ்சுக்க. டெக்சாசுக்குத் தெக்கால ரியோ கிராண்டே ஆத்தோரம் பெரிய பெரிய மாட்டுப் பண்ணைங்க. 1930, 40கள்ல அங்க மாடு அறுத்தா நல்ல கறியெல்லாம் பண்ணைக்காரனுக்கு. தலை, தோலு, கொடலு, விலாவுக்குள்ள இருக்கற மொரட்டு உதரவிதானச் சதை, இதெல்லாம் மாடு மேச்ச மெக்சிகோக்காரங்களுக்குக் கூலியோட கூலியாப் போகும். அவுங்க அந்தச் சதையத் தட்டி, எலுமிச்சை புழிஞ்சு, மெஸ்கீட் கட்டை நெருப்புல வாட்டி, கோதுமை டோர்ட்டியாவுல சுருட்டித் தின்னாங்க. மெஸ்கீட்டுன்னா வேற எதுவும் இல்ல, நம்மூருக் கொளத்தையெல்லாம் புடிச்சுக்கிட்டிருக்கற சீமைக்கருவேலத்துக்குப் பங்காளி மரம்.

1969ல சன்னி ஃபால்கன்னு ஒரு கறிக்கடைக்காரரு கைல்ங்கற சின்ன ஊரு நோம்பியில கடை போட்டு இதை வித்தாரு. 1973ல நம்ம ஹூஸ்டன்ல, நேவிகேஷன் ரோட்டுல, நின்ஃபா லாரன்சோங்கற அம்மா தன்ற டோர்ட்டியாத் தொழிற்சாலைக்குள்ளயே பத்து மேசை போட்டுச் சுட்ட கறிய டோர்ட்டியாவுல வெச்சுக் குடுத்தாங்க. புருசன் போயிட்டாரு, அஞ்சு புள்ளைங்க, தொழில் படுத்துக்கெடந்துச்சு. அந்தப் பத்து மேசைதான் தூக்கி விட்டுச்சு. 1980கள்ல ஆஸ்டின்ல ஒரு பெரிய ஓட்டல்காரரு இரும்புத் தட்டுல பொகையப் பொகையச் சத்தத்தோட கொண்டாந்து வெச்சதும், ஊரே அந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பாத்துச்சு. கூலிக்குக் குடுத்த சதை வெலையேறிப் போச்சு. கோழி அதுக்கப்பறம் மெதுவா வந்து பந்தியில எடம் புடிச்சது. நெருப்பு, இரும்பு, இப்ப உன்ற கண்ணாடிப் பொட்டி. முன்னேத்தம்னா இதுதான் சாமி.

பொட்டியும் ஒண்ணும் எளக்காரமான ஆளு பெத்ததில்ல. பெர்சி ஸ்பென்சர்னு ஒருத்தரு. பெத்தவங்க இல்லாம வளந்து, பன்னெண்டு வயசுலயே மில்லு வேலைக்குப் போனவரு. 1945ல ரேதியான் கம்பெனியில ரேடாருக்கான மேக்னட்ரான் குழாய்ப் பக்கத்துல நின்னாராம், சேப்புல இருந்த முட்டாய் உருகிப் போச்சாம். உன்னையாட்ட ஆளா இருந்தா சட்டைக்காசு குடுன்னு கம்பெனிகிட்ட சண்டைக்குப் போயிருப்பே. அவரு சோளப்பொரி கொண்டாரச் சொன்னாரு. அப்பறம் வந்த மொதல் பொட்டி ஆள் ஒசரம், 340 கிலோ. 1967லதான் சமையல் மேடை மேல வெக்கற அளவுக்குச் சுருங்கி 495 டாலருக்கு வந்துச்சு. சுருங்குனது பொட்டி மட்டுந்தான். அதை வெச்சிருக்கறவங்க நெனப்பு நாளுக்கு நாள் பெருத்துக்கிட்டே போகுது.

இப்ப உன்ற கணக்குக்கு வருவோம். நாலு கிலோ கோழி வாங்கியிருக்கறயாமா. கணக்குச் சரிதான். எலும்பில்லாத கறி ஆளுக்கு 160 கிராம், வெந்து கால் பங்கு சுருங்குனாலும் போதும். ஒரு கிண்ணம் சோறு ரெண்டு நிமிசத்துல சூடாகுது, அதனால கோழியும் அப்படியே ஆயிரும்னு நெனச்சிருக்கறே. அங்கதான் உன்ற இஞ்சினியர் படிப்பு பல்லக் காட்டுது.

பொட்டியில 1000 வாட்னு எழுதியிருக்குதா? அதுக்கு மேல அது ஒரு சல்லி எச்சாத் தராது. ஒரு கிலோ கோழிய ஃபிரிஜ்ஜுச் சில்லுல இருந்து, 5 டிகிரின்னு வெச்சுக்க, 75க்கு ஏத்தோணும்னா, துளி வீணாகாட்டிக்கூட நாலு நிமிசம். ஆவியாப் போறது, வீணாப் போறது எல்லாம் சேத்தா ஆறேழு நிமிசம். நாலு கிலோவ ஒட்டுக்கா அடைச்சயினா அரை மணி நேரம். அஞ்சு குதிரை மோட்டாருல ஒரு மடை தொறந்தா பாத்தி சட்டுனு நெறையுது. நாலு மடையையும் ஒட்டுக்காத் தொறந்து வுட்டுப்போட்டு மோட்டாரத் திட்டுனா என்ன நாயம்? கூட்டம் பெருசானா பொட்டியோட வேகமெல்லாம் பங்கு போயிருது. இந்த ஒண்ணு புரிஞ்சா மத்ததெல்லாம் தானா வரும்.

அந்த அரை மணி நேரத்துலயாச்சும் நேர்மையா வேகுதா? அதுவும் இல்ல. அலை கறிக்குள்ள ரெண்டு மூணு செண்டிமீட்டர்தான் வலுவாப் போகும். குமிச்சு வெச்ச கறியில ஓரமெல்லாம் கட்டையாகி, நடுவுல பச்சையா சிரிச்சுக்கிட்டிருக்கும். பத்தாததுக்குப் பொட்டிக்குள்ள அலை ஒரு எடத்துல கூடும், ஒரு எடத்துல கொறையும். அதுக்குத்தான் அடியில தட்டு சுத்துது. நடுவுல இருக்கற கறி சுத்துனாலும் நடுவுலயேதான் இருக்கும், பாவம்.

அதனால நாலு கிலோவ ஆறு பங்காப் பிரி. ஒரு பங்கு முக்கால் கிலோவுக்குக் கீழ. வெரல் தண்டிக்கு, ஒரே அளவா, சதையோட நாருக்குக் குறுக்கால வெட்டு. ஒண்ணு கட்டை வெரலு, ஒண்ணு சுண்டு வெரலுன்னு வெட்டுனா பொட்டி பேதம் பாக்காது, சிறுசக் காய வெச்சுப் பெருசப் பச்சையா வுட்டுரும். நெஞ்சுக்கறி மட்டும் வாங்குனயா? பாதிக்காச்சும் தொடைக்கறியா மாத்திக்க. நெஞ்சு அரை நிமிசம் தப்புனா வறண்டு போகும், தொடை கொஞ்சம் மன்னிச்சு வுடும். உன்ற கைவாகுக்கு மன்னிக்கற கறிதான் தேவை.

கறியக் கழுவறதுக்கு ஒரு சண்டை இருக்குது. உன்ற அம்மிச்சி மூணு தண்ணி கழுவி மஞ்சத்தூள் பூசாம கோழியச் சட்டியில போட்டதில்ல. ஆனா அவ கழுவுனது பொடக்காலியில, வெளிச்சத்துல. இங்க கழுவற தொட்டிக்கு ஒரு சாண் தள்ளித்தான் தக்காளியும் கொத்தமல்லியும் வெச்சிருப்பே. பச்சைக் கோழியக் கழுவாதீங்க, கிருமி தெறிச்சு அக்கம்பக்கம் ஒட்டிக்கும்னு அமெரிக்க சுகாதாரத் துறைக்காரங்க கத்தறாங்க. கிருமியக் கொல்றது சூடுதான், கொழாய்த் தண்ணியில்ல. மஞ்சள் மேல ஆசையிருந்தா கழுவாமயே பூசிக்க. அம்மிச்சிகிட்ட நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதே.

எலுமிச்சை, எண்ணெய், பூண்டு, சீரகத்தூள், மொளகாத்தூள், ஓரிகானோ, உப்பு. ஒரு மணி நேரம் ஊறுனா தாராளம். ராத்திரியே ஊற வெச்சா எச்சா ருசிக்கும்னு எவனாச்சும் சொல்லுவான். எலுமிச்சைப் புளிப்புல ராவெல்லாம் கெடந்தா கறி மேலாப்புல மாவாட்டமாப் போயிரும். ஊற வெக்கறதும் ஃபிரிஜ்ஜுக்குள்ளதான், மேடை மேல இல்ல.

இப்ப பாத்திரம். உங்கம்மா கோயம்புத்தூர்ல இருந்து சொமந்தாந்த எவர்சில்வர் போசியையெல்லாம் ஒருக்காக் கும்புட்டுப்போட்டு அட்டாலியில வெச்சிரு. அலை இரும்புக்குள்ள நொழையாது, போசியும் பொட்டிக்குள்ள நொழையக் கூடாது. தங்கக் கோடு போட்ட பீங்கான் தட்டும் வேண்டாம், பொறி பறக்கும். அகலமான, ஆழமில்லாத கண்ணாடித் தட்டு. கறிய ஓரத்துல வளையமாப் பரப்பி நடுவுல எடம் வுடு. மேல மூடி, ஒரு ஓரத்துல ஆவி போகறதுக்குச் சந்து. மூணு நிமிசம் ஓடுனதும் நிறுத்திக் கிண்டி, உள்ள இருக்கறத வெளியே, வெளிய இருக்கறத உள்ள தள்ளு. மறுபடியும் மூணு நிமிசம். அப்பறம் பொட்டி கத்துனதும் ஓடிப்போய் ஒரு துண்டு வாயில போடாதே. மூடுன மேனிக்கு மூணு நிமிசம் சும்மா வுடு. சூடு உள்ள நடந்து போகறதுக்கும் நேரம் வேணுமில்ல. அதுக்கப்பறம் தெர்மாமீட்டரக் குத்து, ஒரு எடத்துல மட்டுமில்ல, நாலஞ்சு எடத்துல. எல்லாத்துலயும் 74 டிகிரி காட்டோணும். நெறத்தப் பாத்தே வெந்துருச்சுன்னு கண்டுபுடிக்கற திறமை உனக்கு இருக்குதுன்னு நீ நெனச்சா, அது உன்ற பெருந்தன்மை. தெர்மாமீட்டரு உன்ன மதிக்காது.

மூடியத் தொறந்ததும் ஒரு காச்சி தெரியும். கறி ஒரு கொளத்துக்குள்ள முங்கிக் கெடக்கும். அது பாட்டுக்கு வெளிய வுட்ட சாறு. இங்கதான் முக்காவாசிப் பேரு ஃபஹீட்டாவக் கொழம்பாக்கிப் போடறாங்க. அதை வடிச்சு ஒரு பெரிய கண்ணாடிக் கிண்ணத்துல சேத்து வை. கிண்ணம் பாதிக்கு மேல நெறையக் கூடாது, பொங்கிரும். எல்லாப் பங்கும் முடிஞ்சதும் அந்தச் சாற மூடாம நல்லாக் கொதிக்க வுட்டுச் சுண்ட வெச்சு, அதுலயே ஒரு ஸ்பூன் கார்ன்ஃபிளவரத் தண்ணியில கரைச்சு ஊத்து. கூழாட்டம் கெட்டியானதும் கறி மேல பெரட்டு. ருசி முச்சூடும் அதுக்குள்ளதான் ஒளிஞ்சிருக்குது. அதைக் கழுவற தொட்டியில கொட்டறவன் கோழியக் கொட்டிட்டுச் சக்கையப் பரிமாறுறான்.

வெங்காயமும் கொடமொளகாயும் கோழிகூடக் கூட்டு வேண்டாம். ரெண்டும் பத்துக்கு ஒம்பது பங்கு தண்ணி. சேத்துப் போட்டா மூணும் சேந்து குளிக்கும். தனித் தட்டுல, ஒரு சொட்டு எண்ணெயோட, மூடாம, நாலு நிமிசம். கடிச்சா நறுக்குனு இருக்கோணும். உப்பு கடைசில. இதைக் கோழிக்கு முன்னாடியே செய். ஏன்னு கேளு. வர்ற இருபத்தஞ்சுல சைவம் எத்தனைன்னு நீ கேக்கவே இல்லையாமா? தமிழ்க் கூட்டத்துல கேக்காம சமைக்கற தைரியம் பெரிய தைரியம். கோழி நொழையாத பொட்டியில, தனிக் கரண்டியில, காளானும் கருப்பு பீன்சும் சேத்து அவுங்களுக்கு மொதல்ல எடுத்து வை. இல்லையினா சாப்பாட்டு நேரத்துல உன்ற பரம்பரை முச்சூடும் பேசுவாங்க.

கலரு? அதுக்கு மட்டும் பொட்டிகிட்டக் கெஞ்சாதே. ஈரம் இருக்கற வரைக்கும் கறி 100 டிகிரியத் தாண்டாது, செவக்கறதுக்கு 140க்கு மேல வேணும். எத்தனை நிமிசம் எச்சா ஓட்டுனாலும் வெளுத்த கறி செவக்காது, காயும். அதனால பொகை வாசத்த வெளியில இருந்து கடன் வாங்கு. பொகையில வாட்டுன பாப்ரிகாத்தூளு, இல்லையினா பழுத்த ஹாலபீனோவப் பொகை போட்டுக் காய வெச்ச சிபோட்லே. ஒரு ஸ்பூன் போதும், ரியோ கிராண்டே ஓரமா மெஸ்கீட்டு எரியறாப்பல இருக்கும். மூக்க ஏமாத்தறதும் சமையல்ல ஒரு கலைதான்.

குறுக்கு வழி ஒண்ணு இருக்குது, உன்ற பவுசு கெடாம இருந்தாச் சொல்றேன். வெள்ளிக்கிழமையே ஊட்டு அடுப்புல, கனமான இரும்பு வாணலியில முழுசா வறுத்து, தட்டுல ரெண்டு வெரக்கடை ஒசரத்துக்குப் பரப்பி, சூடு தணிஞ்சதும் ஃபிரிஜ்ஜுல வெச்சு, மண்டபத்துல 74க்குச் சூடு மட்டும் பண்ணலாம். செவந்தும் இருக்கும். ஆனா பாதி வேக வெச்சு மீதிய நாளைக்குப் பாக்கலாம்னு மட்டும் நெனைக்காதே. அரை வேக்காடு கிருமிக்கு வெச்ச விருந்து. பொட்டியில செஞ்சேன்ங்கற பேரு வேணுமா, இருபத்தஞ்சு பேரு வவுறு நெறையோணுமான்னு நீயே முடிவு பண்ணிக்க.

பேரு வேணும்னா, பொட்டி ரெண்டையும் ஒட்டுக்கா ஓட்டோணும். மூணு சுத்துல, முக்கால் மணி நேரத்துக்குள்ள கோழி முடிஞ்சிரும். ஓட்டறதுக்கு முன்னாடி பின்பக்கம் குனிஞ்சு பாரு. 1000 வாட் பொட்டி செவுத்துல இருந்து 1500 வாட் இழுக்கும். இங்கத்த 120 வோல்ட்டுல அது பன்னெண்டு பதிமூணு ஆம்பியர். ரெண்டையும் ஒரே கம்பியில மாட்டுனா 20 ஆம்பியர் பிரேக்கரு டொப்புனு வுழுந்துரும். அப்பத்தான் மேடையில கொழந்தைங்க மைக்குல பாடிக்கிட்டிருக்கும், அந்த மைக்கும் அதே கம்பியில இருக்கும். விழா நடத்தறவங்க உன்னத் தேடிக்கிட்டு வரும்போது நீ டோர்ட்டியாவுக்குப் பின்னால ஒளிய முடியாது. முந்துன நாளே போய், தனித்தனி பிரேக்கரான்னு பாத்துக்க.

டோர்ட்டியாவுக்குத்தான் இந்தப் பொட்டி பொறந்ததே. ஆளுக்கு மூணு வெச்சு எழுபத்தஞ்சு. ஆறு ஆறா அடுக்கி, ஈரமாக்கிப் புழிஞ்ச பேப்பர் டவல்ல சுத்தி, முக்கா நிமிசம். சூடானத உடனே துண்டுல போர்த்தி, ஐஸ் வெக்கற கூலர் பொட்டி இருக்குதல்ல, அதை ஐஸ் இல்லாமக் கொண்டாந்து அதுக்குள்ள வெச்சு மூடு. சில்லக் காக்கறது சூட்டையும் காக்கும். கோழியும் 60 டிகிரிக்குக் கீழ எறங்காம இருக்கோணும். மெதுவா வேக வெக்கற மின்சாரச் சட்டி நாலு ஊட்டுல இருக்குது, கேட்டு வாங்கி அதுல சூட்டோட வெச்சிரு. மேசைக்கு வந்து ரெண்டு மணி நேரம் தாண்டுனா மிச்சத்துக்கு மேல பாசம் வெக்காதே. வெளிய 32 டிகிரிக்கு மேல வெயிலடிக்கற ஹூஸ்டன் மத்தியானத்துல முத்தத்துல பரிமாறுனா ஒரு மணி நேரந்தான் கெடு. நேரத்துக்குள்ள ஃபிரிஜ்ஜுக்குப் போனது மூணு நாளைக்குத் தாங்கும்.

கடைசியா, கூடத் தொட்டுக்கற சாமானம். குவாக்கமோலே, புளிப்பு கிரீம், தக்காளி வெங்காயம் கொத்துன பீக்கோ தே காயோ, துருவுன சீஸ், நறுக்குன எலுமிச்சை. இதுக்கெல்லாம் பொட்டியே வேண்டாம், கத்தியும் கிண்ணமும் போதும். அதனாலதான் நீ இதைப் பட்டியல்ல கடைசில எழுதியிருக்கறே. மேல ஏத்து கண்ணு. டோர்ட்டியாவச் சுருட்டறது அவுங்கவுங்க கை. கோழி கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் தாஞ் சுருட்டுனதத் தானே கொறை சொல்ல எவனுக்கும் மனசு வராது.

அப்பிடியும் எவனாச்சும் ஒரு டெக்சாஸ்காரன் பக்கத்துல வந்து, "எதுல சுட்டீங்க, கரியா, மெஸ்கீட்டா?"ன்னு கேப்பான். பொய் சொல்லாதே, உண்மையும் சொல்லாதே. சூடா ஒரு டோர்ட்டியாவ எடுத்து, கறிய நெறைய வெச்சு, "மொதல்ல சாப்புடுங்க"ன்னு நீட்டு. வாய் நெறஞ்சவன் மறு கேள்வி கேக்க மாட்டான். அவன் மென்னு முடிக்கறதுக்குள்ள நீ அடுத்த ஆளுக்கிட்டப் போயிரு.